முழு மதிப்பெண் வாங்கிய ஒத்திகை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகம் ஊட்டும்படி ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று ஆபீஸிலிருந்து கேட்டார்கள். ரிட்டயர் ஆனவளிடம் போய் உற்சாகம் கேட்பது, பந்தி முடிந்த வீட்டில் பாயசம் கேட்பது போல. அடிப்பிடித்தது கொஞ்சம் இருக்கிறது. சுரண்டித் தருகிறேன். கசந்தால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

முதலில் நம் பிழைப்பு என்னவென்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். தொழிலாளர்களை இப்படிப் பாதுகாப்போம், ஊரை நாறடிக்க மாட்டோம் என்று கம்பெனிகள் தாங்களாகவே ஏற்றுக்கொள்ளும் வாக்குறுதிகள் இருக்கின்றன. சட்டம் கட்டாயப்படுத்தாதவை. தன்னார்வ நெறிமுறை என்று பெயர். நம் ஆபீஸில் சுருக்கமாக, இங்கிலீஷில், ‘கோடு’ (code). கம்பெனி அதன்படி நடக்கிறதா, நடந்ததால் பலன் உண்டா என்று போய்ப் பார்த்து மதிப்பெண் போடுவது நம் வேலை.

‘தன்னார்வ’ என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். பெண் பார்க்க வந்தவர்கள், “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க பிரியப்பட்டு என்ன செய்யணுமோ செய்யுங்க” என்பார்களே, அந்தப் பிரியம்தான் இதுவும். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவன் “கோடில் சேர்ந்தால் நல்லது” என்று சிரித்துக்கொண்டே சொல்வான். மறுவாரமே நம்மூர் முதலாளிக்குத் தொழிலாளர் மேல் பாசம் பொங்கிவிடும்.

பலனை எப்படி அளக்கிறோம் என்பதில்தான் நம் சாமர்த்தியம் இருக்கிறது. போட்டோவில் விழுவதை அளப்போம். விழாததற்கு ‘பொருந்தாது’ என்று எழுதுவோம். ஒருமுறை ஒரு துணி ஆலையில் புகார்ப்பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையும் சாத்தியிருந்தார்கள். ஆயுத பூஜை முடிந்த வாரம். கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று கேட்டேன். சாவி யாரிடம் என்று அவர்களுக்குள்ளேயே தகராறு வந்துவிட்டது. ஆனால் நம் படிவம் கேட்பது ‘புகார்ப்பெட்டி உள்ளதா?’ என்று மட்டும்தான். உள்ளது. அலங்காரத்தோடு உள்ளது. வேறென்ன வேண்டும்?

சரி, இறால் ஆலைக் கதைக்கு வருகிறேன்.

விழிஞ்ஞம் தாண்டித் தெற்கே, கடலை ஒட்டி இருந்தது அந்த ஆலை. பெயர் வேண்டாம். ஐஸ் தண்ணீரில் கை விறைக்க விறைக்க இறாலை உரிக்கும் பெண்கள்தான் அங்கே பெரும்பான்மை. பாதிப்பேர் உள்ளூர் மலையாளிப் பெண்கள், பாதிப்பேர் எல்லை தாண்டிக் குமரிக் கடற்கரையிலிருந்து வேன் ஏறி வருகிற நம் தமிழ்ப் பெண்கள். உரித்த இறாலை உறைய வைக்கும் இயந்திரங்களில் அம்மோனியா ஓடும். குழாய்க்குள் இருக்கும்வரை சாது. வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும்.

அதனால்தான் கோடு ஒரு நிபந்தனை வைத்தது. ஆண்டுக்கொருமுறை, ஆபத்து வந்தால் எல்லாரும் எப்படி வெளியேறுவது என்று ஒத்திகை நடத்த வேண்டும். சங்கு ஊதும், எல்லாரும் வரிசையாக வெளியே வந்து ‘கூடும் இடம்’ என்ற பலகைக்குக் கீழே நிற்க வேண்டும், நாம் ஸ்டாப் வாட்ச் பிடிக்க வேண்டும். முந்தைய ஆண்டு வேறு இரண்டு பேர் போய் வந்திருந்தார்கள். போட்டோக்களைப் பார்த்தேன். நீலத் தொப்பியும் வெள்ளைக் கோட்டும் போட்ட பெண்கள், குடியரசு தின அணிவகுப்பு தோற்றுப்போகும். ‘பலன்’ என்ற தலைப்பின் கீழே முழு மதிப்பெண்.

இதற்கெல்லாம் காரணம் ஜெபசிங். கோடு சம்பந்தப்பட்ட காரியங்களை ஆலையில் பார்த்துக்கொண்டவர். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவர். அதே மாதிரியேதான் ஒத்திகையையும் பழக்கியிருந்தார். குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். நான் போய் இறங்கியதுமே அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“மேடம், ஒரு சுருதி பிசகாது பாத்துக்கிடுங்க. சங்கு ஊதினா ரைட் கால்தான் முதல்ல வெளிய வரும்.”

“நிஜமா ஆபத்து வந்தாலும் ரைட் கால்தானா?” என்று கேட்டேன்.

“நல்ல பழக்கம் எப்பவும் நல்லதாக்கும் மேடம்” என்றார். கேலி செய்கிறேன் என்று அவருக்குப் படவே இல்லை. ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராத மனுஷன். பெண்களைக்கூட ‘சகோதரி’ என்றுதான் கூப்பிடுவார்.

முன்முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகள், பேனர், இளநீர், ஒரு போட்டோகிராபர். பந்தலுக்கு நடுவில்தான் ‘கூடும் இடம்’ பலகை, மூன்று மொழிகளில். முதலில் அந்தப் பலகை பின்பக்கம், கடற்கரை மணலில் இருந்ததாம். அங்கே இறால் ஓடு நாறும், விருந்தாளிகளின் ஷூவுக்குள் மண் போகும், போட்டோவில் கம்பெனி பெயர் விழாது. அதனால் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். பலகை எத்தனை பெரிசாக இருக்க வேண்டும், என்ன நிறம், எவ்வளவு உயரம் என்றெல்லாம் கோடு கேட்கிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசும் என்று கேட்கவில்லை. அந்தப் பந்தலுக்கும் கடலுக்கும் நடுவே, நேர்கோட்டில், இயந்திர அறை இருந்தது. கடற்காற்று அதைத் தாண்டித்தான் எங்கள்மேல் வீசியது. சுகமாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னோம்.

என்னோடு வந்த தலைமை ஆடிட்டர் என்னைவிட இளையவர், தலைமையகத்து ஆள். கெட்டவர் இல்லை. கையேட்டை அப்படியே மனப்பாடம் செய்தவர், அவ்வளவுதான். வண்டியில் வரும்போதே எனக்குப் பாடம் நடத்தினார். “மேடம், நாம பார்வையாளர் மட்டும்தான். ஒத்திகை ஆரம்பிச்சுட்டா வாயைத் திறக்கக்கூடாது. ஒரு சைகைகூடக் காட்டக்கூடாது. அப்புறம் ரிசல்ட் செல்லாது.”

முதலாளி ஜிப்பாவும் பட்டுக்கரை வேட்டியுமாக எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “மேடம் தமிழாணோ? எனிக்கும் தமிழ் நல்லா அறியும்” என்று ஆரம்பித்து, தொழிலாளர்கள் எல்லாம் தனக்கு மக்கள் மாதிரி என்று மலையாளத்தில் முடித்தார்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மூக்கில் ஒரு நெடி ஏறியது. கழுவாத மூத்திரப்புரை நாற்றம். தலைமை ஆடிட்டர் மூக்கைச் சுளித்துவிட்டு, பிறகு முகம் மலர்ந்தார்.

“ஸ்மெல்கூட ஏற்பாடு பண்ணிருக்கீங்களா? ரொம்ப ரியலிஸ்டிக்கா இருக்கு சார்!”

முதலாளி ஒரு நொடி விழித்தார். பிறகு, தான் செய்யாத நல்ல காரியத்துக்குப் பாராட்டு வரும்போது முதலாளிகள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். அடக்கமாகத் தலையாட்டினார்.

அப்போது இயந்திர அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆபரேட்டர் வெளியே ஓடி வந்தார். கண் இரண்டையும் கையால் பொத்திக்கொண்டு, “லீக்கு! லீக்கு!” என்று கத்தி, இரும, இரும, முற்றத்தில் முழங்காலிட்டு விழுந்தார். பந்தலில் கைதட்டல். போட்டோகிராபர் ஓடிப்போய்ப் படமெடுத்தார். “நல்ல ஆக்டிங் அல்லே?” என்று முதலாளி என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

ஆபரேட்டரின் வாயிலிருந்து கோழை வடிந்துகொண்டிருந்தது. மேக்கப்பில் அது வராது. இயந்திர அறையின் ஜன்னல் வழியே வெள்ளையாக ஏதோ தரையோடு ஊர்ந்து எங்கள் பக்கம் வந்தது. அதே நேரத்தில், முன்கூட்டியே குறித்து வைத்திருந்தபடி, ஒத்திகைச் சங்கு ஊதியது.

உரிக்கும் கூடத்தின் முன்வாசல் திறந்தது. பெண்கள் வரிசையாக வெளியே வர ஆரம்பித்தார்கள். குட்டையானவர்கள் முன்னால். சிரித்த முகமாக, நேராக அந்த வெள்ளைப் புகையை நோக்கி.

தலைமை ஆடிட்டர் ஸ்டாப் வாட்சை அமுக்கினார்.

எனக்கு அப்போதே முழங்கால் வலி உண்டு. எப்படி ஓடினேன் என்று தெரியாது. பின்னால் “மேடம்! மேடம், நோ!” என்று குரல் கேட்டது. ஜெபசிங் முன்வாசலில் மைக்கோடு நின்றுகொண்டிருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து ஆபரேட்டர் விழுந்தது தெரியாது.

“ஜெபசிங், இது ஒத்திகை இல்லை. கேஸ் லீக்கு. பந்தலுக்குத்தான் வருது.”

அவர் என்னைப் பார்த்தார். எட்டிப் பந்தலைப் பார்த்தார். அங்கே முதலாளி இருந்தார், ஆடிட்டர் இருந்தார், ஓராண்டாகப் பழக்கிய ஒத்திகையும் அவர் வேலையும் இருந்தன. ஒரு மூச்சு விடும் நேரம்தான் யோசித்தார். உடனே மைக்கைத் தூக்கினார்.

“சகோதரிகளே, நில்லுங்க! திரும்பிப் போங்க! கழிவு வாசல் வழியா கடற்கரைக்குப் போங்க!”

கழிவு வாசல் என்பது இறால் ஓட்டையும் தலையையும் வெளியே தள்ளும் பின்வாசல். எங்கள் கண்ணில் படக்கூடாது என்று தார்ப்பாய் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்கள் சிரித்தார்கள். இதுவும் புதிதாகச் சேர்த்த வசனம் என்று நினைத்துவிட்டார்கள். “சாரே, டயலாக் மாறிப் போயி!” என்று ஒருத்தி கேலி செய்தாள். வரிசை நகர்ந்துகொண்டேதான் இருந்தது. அவர் மறுபடி சொன்னார், மலையாளத்திலும் சொன்னார். முன்னால் நின்ற பெண் இருமத் தொடங்கினாள். அதையும் நடிப்பென்று நினைத்துப் பின்னால் நின்றவர்களும் சிரித்துக்கொண்டே இருமினார்கள்.

அப்போது ஜெபசிங் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னார். குமரிக் கடற்கரையில் வலை அறுந்தால் சொல்லும் வார்த்தை. அச்சில் போட முடியாது. அதைத் தொடர்ந்து, அந்தப் பெண்களின் தாயார்களையும் சேர்த்து, “...மக்களே, சாகவா போறீய? ஓடுங்கட்டீ!” என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றது. விருந்தாளிகள் வந்திருக்கும்போது, முதலாளிக்குக் கேட்கும்படி, ஜெபசிங் சார் மைக்கில் கெட்ட வார்த்தை பேசுகிறார் என்றால் அது ஒத்திகையாக இருக்க முடியாது. அத்தனை பெண்களும் ஒரே கணத்தில் திரும்பினார்கள். வரிசை போயிற்று, தொப்பி போயிற்று. தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு, இறால் தலைகளில் வழுக்கி விழுந்து, எழுந்து, ஒருத்தியை ஒருத்தி இழுத்துக்கொண்டு மணலுக்கு ஓடினார்கள். கடற்காற்று அங்கே முகத்தில் சுத்தமாக அடித்தது. கடைசிப் பெண் வெளியே வரும்வரை அவர் உள்ளேதான் நின்றார். என்னைக் கையைப் பிடித்து வெளியே தள்ளியதும் அவர்தான்.

பந்தலில் இருந்தவர்கள் கேட் வழியாக ரோட்டுக்கு ஓடியதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். ஆபரேட்டரைப் போட்டோகிராபர்தான் தோளில் தூக்கிப் போயிருக்கிறார், கேமராவை அங்கேயே போட்டுவிட்டு. தீயணைப்புக்காரர்கள் வந்து வால்வை அடைத்தார்கள். ஆபரேட்டருக்குக் கண் சரியாகச் சில மாதங்கள் ஆயின. முன்னால் வந்த பெண்களில் சிலர் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார்கள். யாரும் சாகவில்லை. பந்தலில் போய் வரிசையாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிமேல்தான் நம் தொழிலின் அழகு.

கரமனையில் என் வீட்டு டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்துத் தலைமையகத்தோடு மீட்டிங். தலைமை ஆடிட்டரின் அறிக்கை வந்திருந்தது. எழுதப்பட்ட வெளியேறும் வழி பின்பற்றப்படவில்லை. ஒருவர்கூடக் கூடும் இடத்தை அடையவில்லை. ஒலிபெருக்கியில் தகாத மொழி. ஆடிட்டர் ஒருவரின் தலையீடு. பலன்: பூஜ்யம்.

அறிக்கைகளைச் சரிபார்க்கிற பெண் ஒருத்தி திரையில் இருந்தாள். தேனாகப் பேசுவாள்.

“மேடம், பிளான் ஃபாலோ பண்ணாததுதானே ஃபேக்ட்?”

“பிளானை ஃபாலோ பண்ணியிருந்தா செத்திருப்பாங்கம்மா. எல்லாரும் உயிரோட இருக்காங்க. அது ஃபேக்ட் இல்லையா?”

“இருக்கு மேடம். ஆனா அதை என்டர் பண்ண ஃபார்மட்ல கட்டம் இல்லையே.”

நான் அவளைத் திட்டவில்லை. அவள் பொய் சொல்லவில்லையே. போன ஆண்டு அதே ஆலை, அதே பலகை, அதே காற்று. சாவை நோக்கி ஒழுங்காக நடந்ததற்கு முழு மதிப்பெண். இந்த ஆண்டு பிழைத்துக்கொண்டதற்குப் பூஜ்யம். கோடு தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன். கோடுக்குத் தான் ஜெயித்ததா தோற்றதா என்றே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நமக்குச் சம்பளம்.

தலைமை ஆடிட்டரே சமாதான வழியும் கண்டுபிடித்தார். “தொழில்நுட்பக் காரணங்களால் ஒத்திகை ஒத்திவைக்கப்பட்டதுன்னு போட்டுடலாம். இன்னொரு தேதியில நடத்தி மார்க் போட்டுடலாம். எல்லாருக்கும் நல்லது.”

முதலாளிக்கு இது தேனும் பாலும். ஆர்டர் கைவிட்டுப் போகாது, பெண்களின் வேலையும் போகாது. எல்லாருக்கும் நல்லது என்றால் யாரோ ஒருவருக்குக் கெடுதல் என்று என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஜெபசிங்குக்கு போன் செய்தேன்.

“மேடம், என்னைய மாசம் முடிஞ்சதும் வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாவ” என்றார். “விருந்தாளிக மத்தியில கம்பெனி மானத்த வாங்கிட்டேனாம். அதுகூடப் பரவால்ல மேடம். சபையில போய்ப் பாட்டு எடுக்கக் கூச்சமா இருக்கு. ஆலைப் பிள்ளையளெல்லாம் அந்த வார்த்தைய வீட்டுல போய்ச் சொல்லியிருக்காளுவ. ஊர் முழுக்க அதான் பேச்சு.”

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் நமக்கு மனசாட்சி சுத்தம், ஆலைக்கு ஆர்டர் கைவிட்டுப் போகும், பெண்கள் நடுத்தெருவில். போட்டுவிட்டால் பலகை அதே பந்தலில் நிற்கும், ஜெபசிங் வீட்டில் இருப்பார். தன்னார்வக் கோடுக்குச் சட்டத்தின் கை கிடையாது. யாரையும் பிடித்து உள்ளே போட முடியாது. ஆனால் முதலாளிக்கு அறிக்கையைக் கண்டால் பயம் உண்டு. அந்தப் பயம் ஒன்றுதான் நம் கையில் இருக்கிற ஆயுதம், மழுங்கல் ஆயுதம்தான். குத்த வேண்டிய இடம் தெரிந்தால் அதுவும் போதும்.

நான் தலைமையகத்திடம் சொன்னேன். ஒத்திவைப்பு என்றே இருக்கட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன். மூன்று விஷயங்கள் அதோடு போக வேண்டும். கூடும் இடம் கடற்கரை மணலுக்குத் திரும்ப வேண்டும். ஜெபசிங்கின் முடிவுதான் உயிர்களைக் காப்பாற்றியது என்று அவர் பெயரோடு ஒரு பத்தி இருக்க வேண்டும். அடுத்த ஒத்திகை என்றைக்கு, எந்த நேரத்தில் என்பது எனக்கும் ஜெபசிங்குக்கும் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. முடியாதென்றால் என் மறுப்பைத் தனியாக எழுதிச் சரக்கு வாங்குகிறவருக்கே அனுப்புவேன்.

“மேடம், இது மிரட்டலா?” என்றார் தலைமை ஆடிட்டர்.

“இல்லை தம்பி. தன்னார்வம்.”

தேன்குரல் பெண் திரையில் குனிந்து சிரிப்பை மறைத்தாள். அன்றுதான் அவளை எனக்குப் பிடித்தது. அந்தப் பத்தியை அவளே செதுக்கித் தந்தாள். வெளிநாட்டுக்காரன் படித்துவிட்டு ஜெபசிங்கைப் பாராட்டி மெயில் போட்டான். அதற்குப் பிறகு அவரை எப்படி அனுப்புவது? முதலாளி அவருக்குப் பொன்னாடை போர்த்திப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் ஒரு பெரிய ஆலை அவரை நல்ல சம்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று. சபையில் அவர் மறுபடி பாட்டெடுக்கப் போனாரா என்று கேட்டேன். “போனேன் மேடம். பாஸ்டரே முன்வரிசையில இருந்து சிரிக்காவ” என்றார்.

அவர் கொல்லம் போவதற்கு முன்பே நடந்த மறு ஒத்திகைக்கு நானும் தலைமை ஆடிட்டரும் போனோம். எப்போது சங்கு ஊதும் என்பது அவருக்கும் தெரியாது. கோபம்தான். பெரிய விருந்தாளிகள் யாரோ வந்திருந்தார்கள். முதலாளி முற்றத்தில் நின்று, தொழிலாளர்கள் எல்லாம் தனக்கு மக்கள் மாதிரி என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜெபசிங்குக்குத் தலையசைத்தேன்.

சங்கு ஊதியது.

கூடத்திலிருந்து பெண்கள் பாய்ந்து வந்தார்கள். வரிசையுமில்லை, வலது காலுமில்லை. ஆனால் பலகை திரும்பிப் போயிருந்த மணலுக்கு அவர்கள் வருவதற்குள் அங்கே ஒருவர் நின்று மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விருந்தாளிகளை முற்றத்திலேயே விட்டுவிட்டு, ஒரு செருப்போடு. முதலாளி.

தலைமை ஆடிட்டர் ஸ்டாப் வாட்சைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கேலி என்பதே தெரியாத அந்த நல்ல மனசோடு எழுதினார்: “வெளியேறும் ஒத்திகையை நிர்வாக இயக்குநர் தாமே முன்னின்று நடத்தினார்.”

ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.